'நார்மல் ஸ்கூல்' என்று தொடங்கிய பல்கலைக்கழகம்: மகளை அனுப்பலாமா?

திருமங்கலம் அப்பா:
மகளுக்கு அரிசோனா ஸ்டேட் யூனிவர்சிட்டியில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்திருக்கிறது. தேடிப் பார்த்தால், 1885இல் டெம்பே என்ற ஊரில் 'நார்மல் ஸ்கூல்' என்று தொடங்கியதாம். வாத்தியார் டிரெயினிங் பள்ளிக்கூடம்! "நார்மல்னா சாதாரணம்தானே, இதுக்கா இத்தனை லட்சம் கடன்?" என்கிறார் மச்சினர். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உசிலம்பட்டி டீச்சர் (ஓய்வு):
தம்பி, அந்த நார்மல் வேறு. லத்தீனில் 'நார்மா' என்றால் தச்சர்கள் வைத்துப் பார்க்கும் மூலைமட்டம். பாடம் நடத்தினால் இப்படி நடத்த வேண்டும் என்று அளவு காட்டுகிற பள்ளி. அதனால் அந்தப் பெயர். நம்ம சென்னையிலும் 1856இல் வேப்பேரியில் அரசு நார்மல் பள்ளி தொடங்கினார்கள். அதுதான் பிறகு சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி.

டெம்பே பள்ளி திறந்தது 1886 பிப்ரவரி 8. மாடு மேய்ந்த 20 ஏக்கர் நிலம், நான்கு அறைச் செங்கல் கட்டடம், 33 பிள்ளைகள். முதல்வரும் வாத்தியாரும் ஒரே ஆள், ஹைரம் ஃபார்மர். அரிசோனா மாநிலமாக ஆனதே 1912இல்தான். அதற்கு 27 வருஷம் முன்னாலேயே, ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் நடத்த முதலில் வாத்தியார் வேண்டும் என்று நினைத்திருக்கிறார்களே, அது சின்ன விஷயமா?

நான் டிரெயினிங் படித்தபோது முதல் மாதம் முழுக்கக் கரும்பலகையில் வரி கோணாமல் எழுதத்தான் பழகினோம். சாக்பீஸை இரண்டாக உடைத்துச் சாய்த்துப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் கிறீச்சென்று கத்தும். எழுதி முடித்ததும் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து, நம் எழுத்தை நாமே வாசித்துப் பார்க்க வேண்டும். வேலையில் இருந்த வரைக்கும் அந்தக் கடைசி பெஞ்சை நினைத்துத்தான் எழுதினேன்.

மேலூர்க்காரன்:
டீச்சர் சொன்னது சரி. நான் அங்கே படித்தவன். 1925இல் டீச்சர்ஸ் காலேஜ், 1945இல் ஸ்டேட் காலேஜ். யூனிவர்சிட்டி என்ற பெயர் 1958இல் மக்கள் ஓட்டுப் போட்டுக் கிடைத்தது. 1898இல் கட்டிய 'ஓல்ட் மெயின்' என்ற பழைய கட்டடம் இன்னும் நிற்கிறது. வாத்தியார் படிப்பும் விட்டுப்போகவில்லை. கடனை மட்டும் எந்தப் படிப்பு, அதற்கு என்ன வேலை என்று பார்த்து முடிவு பண்ணுங்கள் அண்ணே. அப்புறம், ஆகஸ்ட்டில் வெயில் 40ஐத் தாண்டும். பாப்பாவிடம் சொல்லி வையுங்கள்.

உசிலம்பட்டி டீச்சர் (ஓய்வு):
வாத்தியார் படிப்பு இன்னும் இருக்கிறதா? மனசு நிறைந்துவிட்டது. தம்பி, மகள் போனால் அந்த ஓல்ட் மெயினைப் படம் எடுத்து இங்கே போடச் சொல்லுங்கள்.