மொரிஸ் மைனருக்கு பாடி பேக்கிங் நாமே வெட்டலாமா?

தலவாக்கலை மைனர்
வணக்கம். மாமா ஓட்டிய 1958 மொரிஸ் மைனர் 1000 இப்போது என் கையில். டிங்கர் வேலை முடிந்து பெயின்ட்டும் அடித்தாகிவிட்டது. பின்லைட், டிக்கி கீல், கதவுக் கைபிடி, நம்பர் பிளேட் லைட் இவற்றுக்கு அடியில் வரும் ரப்பர் பேக்கிங் எல்லாம் கருவாடாகிக் கிடக்கின்றன. கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஒரு செட் வாங்கினேன், துளைகளே பொருந்தவில்லை. இங்கிலாந்தில் இருந்து எடுத்தால் கூரியர் செலவு தாங்காது. ரப்பர் ஷீட் வாங்கி, பழையதை மேலே வைத்துக் கோடு போட்டு வெட்டலாமா? எந்த ரப்பர், எத்தனை மில்லிமீட்டர்? கராஜ் பாஸ் லொறி ட்யூபே போதும் என்கிறார். மே மாத மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும்.

ஹட்டன் ஃபிட்டர்
தம்பி, தேயிலை ஃபெக்டரியில் பேக்கிங் வெட்டியே தலை நரைத்தவன் நான். வெட்டலாம், தாராளமாக. ஆனால் பழைய பேக்கிங்கை அச்சாக வைக்காதீர்கள். அது ஒரு பக்கம் சுருங்கியிருக்கும், இன்னொரு பக்கம் ஸ்குரூ இறுக்கியதில் பிதுங்கியிருக்கும். எத்தனை துளை, எந்தப் பக்கம் மேலே என்று பார்க்க மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். அளவை இரும்பிடம் கேட்க வேண்டும்.

லைட்டின் அடித்தட்டைச் சுத்தமாகத் துடைத்து, அதன் மேல் பிரிஸ்டல் போர்ட் அட்டையை அழுத்திப் பிடித்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். விளிம்பும் துளையும் தானாக எழும்பும். இஞ்சின் பேக்கிங்குக்குச் செய்வதுபோல் சுத்தியலால் தட்ட வேண்டாம். அந்தக் காலத்துக் கைபிடியெல்லாம் வார்ப்பு, ஓரம் உடைந்தால் ஒட்டவும் முடியாது. கோட்டுக்கு வெளியே ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள். குரோம் பெயின்ட்டைத் தொடாமல் காப்பது அந்த ஓரம்தான். முதலில் அட்டையை வெட்டி வண்டியில் பொருத்திப் பார்த்துவிட்டுத்தான் ரப்பரில் கை வைக்க வேண்டும்.

துளையை முதலில் போடுங்கள், வெளிக்கோடு அப்புறம். கனமான பலகையில் வைத்து, வாய் தீட்டிய பைப் துண்டால் ஒரே அடி. ரப்பர் அமுங்கி வெட்டுப்படுவதால் துளை பைப்பைவிடச் சிறிதாகத்தான் வரும், ஆகவே பைப் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். வெளிக்கோட்டுக்குப் புது பிளேட், சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து, நிமிர்த்திப் பிடித்து ஒரே இழுப்பு. அறுத்து அறுத்து வெட்டினால் ஓரம் பல் பல்லாக நிற்கும்.

ரப்பர் விஷயம். நம் நாட்டு இயற்கை ரப்பர் இழுவைக்கு ராஜா. ஆனால் வெயிலும் ஓசோனும் பட்டால் வெடித்துவிடும், அதிலும் நம் உயரத்தில் வெயில் சுள்ளென்று அடிக்கும். வெளியே தெரியும் இடத்துக்கு, வெயிலைத் தாங்கும் செயற்கை ரப்பரான ஈபிடிஎம் ஷீட் கேளுங்கள், 2 மில்லிமீட்டர் போதும். பாடி வளைந்திருக்கும் பின்லைட்டுக்கு 3. பெட்ரோல் டேங்க் வாய்க்கு மட்டும் ஈபிடிஎம் போடாதீர்கள், பெட்ரோலில் ஊதிப்போகும். அங்கே பெட்ரோலைத் தாங்கும் நைட்ரைல் ரப்பர்.

உங்கள் பாஸ் சொல்வதும் தப்பில்லை. ட்யூப் பெரும்பாலும் பியூட்டைல் என்ற ரப்பர், வெயிலைத் தாங்கும். ஆனால் மெல்லியது, வளைந்த புத்தியும் போகாது. நம்பர் பிளேட் லைட்டுக்கு வேண்டுமானால் போடலாம்.

கண்டி ஏ40
ஐயா சொன்ன பென்சில் வேலைக்கு இன்னொரு வழி: கைபிடியின் அடிப்பக்கத்தை ஃபோட்டோகொப்பி மெஷினில் வைத்து எடுப்பேன். பக்கத்தில் ஒரு அடிமட்டத்தையும் வைத்தால், கொப்பி சரியான அளவில் வந்ததா என்று தெரியும். கண்ணாடி கீறாமல் ஒரு ஓஎச்பி ஷீட் (கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் தாள்) போடுங்கள், இல்லாவிட்டால் கடைக்காரர் அடுத்த முறை உள்ளே விடமாட்டார்.

லேசரில் வெட்டித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் நியோப்ரீன் என்ற ரப்பரைக் கொடுக்காதீர்கள். அதில் குளோரின் இருக்கிறது, எரிந்தால் அமிலப் புகை. ஆளுக்கும் ஆகாது, மெஷினுக்கும் ஆகாது.

தலவாக்கலை மைனர்
இருவருக்கும் நன்றி. டிக்கி மூடியைச் சுற்றி வரும் நீள ரப்பரையும் ஸ்பொஞ்ச் ஷீட்டில் வெட்டிவிடலாமா? பேக்கிங்குக்கு அடியில் சிலிக்கன் பூசலாமா?

ஹட்டன் ஃபிட்டர்
அது வேண்டாம். நீள ரப்பர் அச்சில் இழுத்து வருவது, காசு கொடுத்தே வாங்குங்கள். முன்கண்ணாடி ரப்பரும் அப்படித்தான். ஸ்பொஞ்ச் எங்கே போட்டாலும் தண்ணீர் குடிக்காத ரகமா என்று பாருங்கள். ஒரு துண்டைத் தண்ணீரில் அமுக்கிப் பிழிந்தால் தெரிந்துவிடும். குடிக்கிற ரகம் மழைக்காலம் முழுக்க ஈரத்தை வைத்துக்கொண்டு இரும்பைத் தின்னும். டிக்கி ரப்பரைப் போட்டபின் அதன் மேல் குட்டிக்குரா பவுடர் தடவி மூடித் திறந்து பாருங்கள். மூடியில் பவுடர் ஒட்டாத இடத்தில்தான் தண்ணீர் வரும்.

சிலிக்கன் அவசியமில்லை. பூசியே ஆக வேண்டும் என்றால் வினாகிரி வாடை வரும் ரகம் வேண்டாம், இரும்பை அரிக்கும். லைட்டின் கீழ்ப்பக்கம் தண்ணீர் வெளியேற விட்டிருக்கும் வழியையும் அடைத்துவிடாதீர்கள். கிரீஸ், வாசலின் தடவி ரப்பரை ஏற்றாதீர்கள், சவர்க்காரத் தண்ணீர் போதும்.

இன்னொன்று. புது பெயின்ட், புது ரப்பர் எல்லாம் போட்டு முடித்ததும் பின்லைட் மங்கலாக எரிந்தால் பல்பை மாற்றிக்கொண்டு இருக்காதீர்கள். பாடி வழியாக எர்த் எடுக்கும், அதாவது கரண்ட் பாடி இரும்பு வழியே பெட்டரிக்குத் திரும்பும் லைட்டுக்கு இப்போது இரும்பு தொடவில்லை என்று அர்த்தம். ஸ்குரூ பிடிக்கும் இடத்தில் மட்டும் உள்பக்கமாகப் பெயின்ட்டைச் சுரண்டுங்கள், இல்லாவிட்டால் தனியாக ஒரு எர்த் வயர் இழுத்துவிடுங்கள்.