பொருள்: மறு: பயோம் – திணையா, உயிர்ப்புலமா?

அண்ணாச்சி,

> திணை என்று ஒரு சொல் கையில் இருக்கும்போது பயோமுக்குப் புதுச்சொல் எதற்கு?

ஆசையாகத்தான் இருக்கிறது. பயோம் (biome) என்பது ஒரே வகைத் தட்பவெப்பமும் தாவர அமைப்பும் கொண்ட பெரும் உயிர்ப்பகுதி; அதற்குத்தான் தமிழ்ச்சொல் தேடுகிறோம். பொதிகையில் குறிஞ்சி, மலையடிக் காட்டில் முல்லை, அம்பாசமுத்திரம் வயலில் மருதம், புன்னக்காயலில் நெய்தல் என்று தாமிரபரணி ஓடும் 128 கிலோமீட்டருக்குள் நான்கு திணை வந்துவிடுகிறது. சிக்கலே அதுதான். பயோம் கண்டங்களைத் தாண்டிய அளவுள்ளது. வெப்பமும் மழையும் ஒத்திருந்தால் எந்தக் கண்டமானாலும் தாவர அமைப்பு ஒத்துவரும் என்பதே அதன் அடிப்படை. அமேசானும் காங்கோவும் ஒரே வகை மழைக்காடு, மர இனங்கள் பெரும்பாலும் வேறு வேறாக இருந்தாலும். திணையிலோ தெய்வம், தொழில், பறை, யாழ் எல்லாம் சேர்ந்தே வரும். மருதத்து வயலே ஆள் உழுது உண்டாக்கியது. சைபீரியாவின் தைகா எனும் ஊசியிலைக் காட்டுக்கு எந்தத் திணையைக் கொடுப்பது?

பாலை இன்னும் சங்கடம். முல்லையும் குறிஞ்சியும் திரிந்து பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். அதாவது அது கோடையில் வரும் நிலை. பயோம் கணக்கில் பாலைவனம் என்றால் என்றைக்கும் மழை குறைந்த இடம். ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்குக் கீழே என்பது வழக்கமான வரையறை. அப்படிப் பார்த்தால் பனி மூடிய அண்டார்க்டிகாவின் உட்பகுதி பாலைவனம், நம் தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிக்காடு இல்லை. குதிரைமொழித் தேரியின் செம்மணலைப் படமெடுத்து ‘தமிழகத்துப் பாலைவனம்’ என்று போடுகிறார்கள். அங்கே பனை நிற்கிறது, முந்திரி காய்க்கிறது, மேலப்புதுக்குடி அய்யனார் கோயிலில் சுனையே இருக்கிறது!

சரி, வேறு என்ன சொல்? ‘உயிர்க்கோளம்’ பூமி முழுவதற்கும் போய்விட்டது. ‘பல்லுயிர்த் தொகுதி’ பல்லுயிர்ப் பெருக்கத்தோடு குழம்பும். நான் வைப்பது ‘உயிர்ப்புலம்’. மழைக்காட்டுப் புலம், ஊசியிலைப் புலம், தூந்திரப் புலம் (மரமற்ற குளிர்வெளி) என்று சுருக்கமாகவும் சொல்லலாம்.

தண்ணீருக்குத் தரையின் சூத்திரமே பொருந்தாது. அங்கே மழை அளவு பேசாது. உப்பு, ஆழம், ஓட்டம், வெளிச்சம் இவைதான் பேசும். கடலில் ஏறத்தாழ 200 மீட்டருக்குக் கீழே ஒளிச்சேர்க்கைக்கு வெளிச்சம் போதாது. அதனால் நீர்ப்பகுதிக்குப் புலம் என்று வலிந்து போடாமல் ‘நீர்ச்சூழல்’ என்றே வைக்கலாம் என்பது என் கட்சி. உட்பிரிவுகளுக்குச் சொல் தேட அகராதிக்கும் போக வேண்டாம். மன்னார் வளைகுடா மீனவர்கள் கடலடிப் பாறைத்தளத்தைப் ‘பார்’ என்கிறார்கள். முத்துச்சிப்பி விளைந்த இடங்களுக்கும் அதுதான் பெயர். பவளப்பாறை என்பதைவிடப் பவளப்பார் எவ்வளவோ மேல். பாறை என்றதும் கல் என்றாகிவிடுகிறது. சுண்ணாம்புக்காக அதை வெட்டி எடுத்த காலமும் உண்டு.

குளம் என்பதில் மட்டும் கவனம் வேண்டும். பாடநூல் குளம் வருஷம் முழுக்க நிறைந்தே கிடக்கும். நம் பக்கத்துக் குளம் ஐப்பசி, கார்த்திகையில் பெருகிக் கோடையில் வற்றி மாடு மேயும். வற்றுவதும் அதன் இயல்புதான். கூந்தன்குளத்துக்கு வரும் பறவைகள் அந்தக் கணக்குப்படித்தான் வந்து போகின்றன. ஆகவே ‘பருவக்குளம்’ என்று தனி வகை கேட்கிறேன்.

மிச்சம் கழிமுகம். வெள்ளம் வரும்போது ஆற்றுத் தண்ணீர், கடல் ஓதம் ஏறினால் உப்பு. நன்னீரின் கீழும் போடாமல் கடலின் கீழும் போடாமல் மூன்றாவது தலைப்பாக வைக்கலாமா? நான் போடும் சொற்பட்டியலில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன், அண்ணாச்சி. மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.