கோழி எரு சூடு ஆற என்ன செய்யலாம்?
வணக்கம், மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் கோழிக்கூட்டிலிருந்து எச்சமும் மரத்தூளுமாக அள்ளி, அப்படியே மிளகாய்க் கன்றுகளுக்குப் போட்டுவிட்டேன். நாலே நாளில் இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. ரப்பர் பால்மரம் சீவிய கையால் அம்மா நட்ட கன்றுகள், மனசே ஆறவில்லை.

பச்சை எருவில் அம்மோனியா அதிகம், மட்கிய பிறகுதான் போடணும் என்று இப்போது புரிகிறது. அமெரிக்க இயற்கை விவசாய விதியில், மண்ணைத் தொடும் காய்கறிக்குப் பச்சை எரு போட்டால் அறுவடைக்கு 120 நாள் இடைவெளி வேண்டும்.

இப்போது காய்ந்த வாழைச் சருகு கலந்து, குவித்து, தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறேன். உள்ளே கை வைத்தால் சுடுகிறது. கண் எரிகிற வாடை. மழையும் தினம் கொட்டுகிறது. வாரத்துக்கு எத்தனை முறை கிளறணும்? சருகு இன்னும் சேர்க்கவா? செய்து பார்த்த அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.