தாடி கறுத்தபோது

பாலக்கோட்டிலிருந்து ஒருவர்:

எங்கள் வீட்டில் இருப்பது ஒன்றரை வயது ஆண் பியர்டட் டிராகன், அதாவது தொண்டையில் தாடிபோல முட்கள் உள்ள ஆஸ்திரேலிய ஓணான்; பெயர் முத்து. இதை வளர்ப்பவர்கள்தான் இந்தக் குழுவில் இருக்கிறோம்; கூண்டு, விளக்கு விவரமெல்லாம் தெரிந்ததுதான் என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். அது வந்து 4 மாதம் ஆகியிருந்தது. என் விரலிலிருந்தே பட்டுப்புழுவை வாங்கித் தின்னும் அளவுக்குப் பழகிவிட்டது என்று நம்பியிருந்தேன். ஒரு மாலை தோட்டத்திலிருந்து வந்து, தோளில் கிடந்த துண்டைக்கூட எடுத்துவைக்காமல், மேல்மூடியைத் திறந்து குனிந்தேன். துண்டின் முனை சரிந்து உள்ளே தொங்கியது. அதன் நிழலும் என் கையின் நிழலும் ஒன்றாக முத்துவின் முதுகில் விழுந்தன.

தொண்டைக்குழியில் தொடங்கிய கறுப்பு, ஈரத்துணியில் மை ஊறுவதைப்போலத் தாடை வரை பரவியது. தாடியின் முட்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக விறைத்து நின்றன. உடம்பைத் தட்டையாக்கி, வாயை அகலத் திறந்து சீறியது. நான் கையை எடுக்கவில்லை. "நான்தான்டா முத்து" என்று சொல்லிக்கொண்டே வயிற்றுக்கடியில் கைகொடுத்துத் தூக்கினேன். அது கடிக்கவில்லை, கடித்திருந்தால்கூட என் மனம் ஆறியிருக்கும். என் உள்ளங்கையில் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தது. அதன் அடிவயிற்றில் அதுவரை நான் பார்த்திராத கரும்பட்டைகள் தெரிந்தன. அதற்குப் பிறகு 11 நாட்கள், நான் அந்த அறையில் இருக்கும்வரை, கல்லுக்குப் பின்னாலிருந்து அது வெளியே வரவில்லை.

காரணத்தைச் சொன்னது எங்கள் ஆயா. "பருந்து நெழலு உழுந்தா கோழிக்குஞ்சு ஓடுது. அதுகிட்டப் போயி நான்தான்னு சொன்னா நிக்குமா?" என்று கேட்டார். இந்த ஓணானின் உச்சந்தலையில் வெளிறிய செதில் ஒன்று இருக்கிறது. அதை மூன்றாம் கண் என்பார்கள்; அதற்கு உருவம் தெரியாது, வெளிச்சமும் நிழலும் மட்டுமே தெரியும். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் இதன் இனத்தைக் கொத்திக்கொண்டு போகும் பறவைகள் மேலிருந்துதான் வருகின்றன. நானும் தினமும் மேலிருந்துதான் வந்துகொண்டிருந்தேன். தச்சரிடம் சொல்லி முன்பக்கம் திறக்கும் கூண்டு செய்துகொண்டேன். தினமும் அரைமணி நேரம் தரையில் உட்கார்ந்து, கையை மல்லாத்திக் கல்லின் மேல் வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். 12ஆம் நாள் அது வெளியே வந்து, நாக்கின் நுனியால் என் சுட்டுவிரலை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

ஓசூரிலிருந்து:

தாடி கறுத்தாலே பயம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம் என்பதற்காகவே எழுதுகிறேன். மார்கழிக் காலையில் எங்கள் ஊர்க் குளிர் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். என்னுடையது ஒவ்வொரு விடியலிலும் கறுத்த தாடியும் இருண்ட முதுகுமாகக் கிடக்கும். என்மேல் கோபம் என்று எண்ணி ஒரு வாரம் அறைக்குள்ளேயே போகாமல் இருந்தேன். அது கோபமே இல்லை. உடம்பு சூடேற வேண்டும் என்பதற்காக நிறத்தை இருளாக்கிக்கொள்கிறது. விளக்கின் கீழே ஒரு மணி நேரம் கிடந்ததும் மஞ்சளுக்குத் திரும்பிவிடுகிறது. தனியாக இருக்க வேண்டியிராத ஒரு வாரம் அதைத் தனியாக விட்டுவிட்டேனே என்பதுதான் இன்றும் என் வருத்தம்.

பென்னாகரத்திலிருந்து:

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். குட்டிப் பருவத்தில் இவை முன்காலை மெதுவாகத் தூக்கி வட்டமாக ஆட்டும். பெரிய விலங்கிடம் "நான் எதிரி இல்லை" என்று சொல்லும் சைகை அது. என் குட்டியும் ஆட்டியது. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் வணக்கம் சொல்கிறது என்று மகிழ்ந்தோம். என் மகள் கைப்பேசியில் படம் பிடித்தாள். அதே சமயத்தில் அது மிகவும் அடங்கியும் போயிருந்தது. தூக்கினால் ஓடாது, மடியில் வைத்தால் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும். என்னை முழுதாக நம்பிவிட்டது என்றே நினைத்தேன்.

ஒருநாள் அந்தப் படத்தை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். கை வட்டமாகச் சுற்றவில்லை. விரல்கள் படபடவென்று துடித்தன. தோளிலிருந்து நுனிவரை மின்சாரம் பாய்ந்ததுபோல் நடுங்கியது. மடியில் எடுத்துத் தாடையைத் தொட்டேன். ரப்பர் போல அமுங்கியது.

பெங்களூருக்குக் கொண்டுபோனோம். எலும்பில் சுண்ணாம்புச் சத்து இல்லை என்றார் மருத்துவர். தென்பக்க ஜன்னலருகே நல்ல வெயில் படும் இடத்தில்தான் வைத்திருந்தேன். ஆனால் ஜன்னல் கண்ணாடி வழியாக வெளிச்சமும் சூடும் வருமே தவிர, உடம்பு வைட்டமின் டி3 உண்டாக்கிக்கொள்ளத் தேவையான புற ஊதா பி கதிர் வராது. டி3 இல்லாவிட்டால் எவ்வளவு சுண்ணாம்புப் பொடி தூவிக் கொடுத்தாலும் உடம்பில் ஒட்டாது. குட்டி பிழைத்துக்கொண்டது, இடது முன்கால் மட்டும் வளைந்தே நிற்கிறது. தெம்பு வந்த பிறகு முதல்முறை தூக்கப்போனபோது தாடியை உப்பவைத்துக்கொண்டு விலகி ஓடியது. அன்று என் மனைவியும் நானும் அழுதேவிட்டோம். ஓடுவதற்கு அதற்குத் திராணி வந்திருந்தது.

காவேரிப்பட்டினத்திலிருந்து:

என் அனுபவம் சிறியது. என்னுடையது கண்ணாடியில் நகத்தால் பிறாண்டிக்கொண்டே இருந்தது. கூண்டின் பின்பக்கமும் பக்கவாட்டும் அட்டை ஒட்டி அதன் பிம்பத்தை மறைத்த அன்றே நின்றுவிட்டது.

பாலக்கோட்டு நண்பருடன் எனக்கு ஒரு கருத்து வேறுபாடு உண்டு. 11 நாட்கள் அப்படியே விட்டிருக்கக் கூடாது. தினமும் 5 நிமிடமாவது கையில் எடுத்தால்தான் மனித வாடை பழகும். மேலும், யாரும் கேட்கவில்லை என்றாலும் சில விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும். விளக்கின் கீழுள்ள கல் 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். மறுகோடி 30க்குக் கீழே இருக்க வேண்டும். ஒதுங்கக் குளிர்ந்த இடம் கொடுக்காமல் சூட்டிலேயே வைத்துவிட்டு, வாயைத் திறந்து உட்கார்ந்திருக்கிறது, கடிக்க வருகிறது என்பவர்கள் பலர். சீறாமல், தாடி உப்பாமல், கல்லின் மேல் அமைதியாக வாய் திறந்திருந்தால் அது சூட்டை வெளியேற்றிக்கொள்கிறது என்று பொருள். புற ஊதா குழல்விளக்கு எரிகிறதே என்று இருந்துவிடாதீர்கள். வெளிச்சம் இருக்கும்போதே கதிர் குறைந்துவிடும், தயாரிப்பாளர் சொன்ன காலத்தில் மாற்றிவிடுங்கள். நம் மாவட்டங்களில் பட்டுப்புழு எளிதாகக் கிடைப்பது பெரிய வரம். மென்மையானது, நீர்ச்சத்து மிக்கது. ஆனால் படுக்கையில் கிருமிநாசினிப் பொடி தூவியிருக்கிறார்களா, மல்பெரித் தோட்டத்தில் மருந்தடித்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்காமல் ஒரு புழுகூட வாங்காதீர்கள். இரண்டு கண்களுக்கு இடையிலுள்ள அகலத்தைவிடப் பெரிய இரை கொடுக்காதீர்கள். வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள். பல்லிக்கு முளைப்பதைப்போல இதற்கு வால் மீண்டும் முளைக்காது.

பாலக்கோட்டிலிருந்து மீண்டும்:

அக்கறையோடு எழுதியதற்கு நன்றி. ஆனால் அந்த ஒரு கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கறுத்த தாடியோடு இருப்பதைத் தினமும் பிடித்துத் தூக்கினால் அது துள்ளுவதை நிறுத்தும், உண்மைதான். பென்னாகரத்து நண்பரின் குட்டியும் துள்ளாமல்தான் கிடந்தது. மடியில் கண்ணை மூடுவது சுகத்தாலும் இருக்கலாம், தப்ப வழியில்லாமல் உலகத்தை மறைத்துக்கொள்வதாலும் இருக்கலாம். வெறும் கண்ணை மட்டும் பார்த்தால் தெரியாது. தாடியின் நிறம், அடிவயிற்றுப் பட்டை, மூச்சின் வேகம், இறக்கிவிட்டதும் அது திரும்பி வருகிறதா ஓடுகிறதா என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்த பிறகே நான் இப்போது கையை நீட்டுகிறேன்.

பாப்பாரப்பட்டியிலிருந்து:

எங்கள் வீட்டில் தினமும் காலை 10 மணிக்குத் தாடி கறுக்கும். தலையை வேகவேகமாக மேலும் கீழும் ஆட்டும். அது நான் வேலைக்குக் கிளம்பும் நேரம். நான் போவது பிடிக்காமல்தான் இப்படிச் செய்கிறது என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தோம். விடுமுறை நாளில் அதன் உயரத்துக்கு முகத்தை வைத்து, அது பார்க்கும் திசையிலேயே பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே மதிற்சுவரில் நம் ஊர் ஆண் ஓணான் ஒன்று, கழுத்துச் சிவக்கச் சிவக்கத் தலையாட்டிக்கொண்டிருந்தது. ராமரைக் கேலி செய்கிறது என்று சொல்லிச் சின்ன வயதில் நாங்கள் கல்லெறிந்த அதே தலையாட்டல். இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை; கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று தினமும் எல்லைச் சண்டை போட்டிருக்கின்றன. பாதி ஜன்னலுக்குத் திரை போட்டேன். மூன்றாம் நாள் காலை 10 மணிக்கு அது கல்லின் மேல் கால்களைப் பின்னால் நீட்டிப் படுத்திருந்தது. தாடி வைக்கோல் நிறத்தில் இருந்தது. மதிற்சுவரில் ஓணான் இன்னும் வருகிறது. அதன்மேல் கல்லெறிய வேண்டாம் என்று தெருப் பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.