தகவல் வடிவமைப்பு: வேறு நல்ல சொல் உண்டா?

கிளிநொச்சியிலிருந்து:
வணக்கம். வெள்ளிக்கிழமை எங்கள் பயிற்சிநெறியின் கையேடு அச்சுக்குப் போகிறது. சிக்கலான பொருட்களைப் பாவிப்பவருக்கு விளங்கும்படி எழுத்து, படம், நிறம், இடைவெளி எல்லாவற்றையும் அமைக்கும் துறை இது. ‘இன்ஃபர்மேஷன் டிசைன்’ என்பார்கள். ‘தகவல் வடிவமைப்பு’ என்று போட்டால், போஸ்டர் அழகாகச் செய்யும் வகுப்பு என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள்.

வகுப்பில் எடுத்தது ஒரு சோலார் நீர்ப்பம்பியின் கட்டுப்பாட்டுப் பெட்டி. கிணறு வற்றினாலும் செம்மஞ்சள் விளக்கு மின்னும், வெயில் குறைந்தாலும் அதே விளக்குத்தான். மின்னும் வேகம் மட்டும் வேறு. அதைச் சொல்லும் அட்டவணை கையேட்டின் கடைசிப் பக்கத்தில், ஆங்கிலத்தில். பம்பியை நிறுத்துவதா, வெயிலுக்குப் பொறுப்பதா என்று கமக்காரருக்குப் பெட்டியின் மூடியிலேயே தெரிய வேண்டும். அதற்கான படிப்புக்குத்தான் பெயர் கேட்கிறேன்.

மன்னாரிலிருந்து:
தம்பி, ஒரு நூலுக்கு நன்னூல் சொல்லும் பத்து அழகில் ‘விளங்க வைத்தல்’ இருக்கிறது, ‘முறையின் வைப்பு’ம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்ததுதானே உங்கள் துறை? ‘முறைவைப்பு’ என்று சொல்லுங்கள். தொல்காப்பிய மரபியல் நூல் செய்யச் சொல்லும் 32 உத்திகளிலும் ‘அதிகார முறை’ வருகிறது. எதை எங்கே வைப்பது என்பதை நூல் செய்தவர்கள் என்றோ யோசித்துவிட்டார்கள்.

வவுனியாவிலிருந்து:
ஐயா, பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ‘வைப்பு’ என்றால் வங்கி வைப்பு. ‘விளக்கமைப்பு’ எப்படி?

மன்னாரிலிருந்து:
புணர்ச்சி இடிக்கிறது, தங்கச்சி. விளக்கு + அமைப்பு என்றால்தான் உகரம் கெட்டு ‘விளக்கமைப்பு’ ஆகும். உங்கள் கருத்து விளக்கம் + அமைப்பு; அதற்கு ‘விளக்கவமைப்பு’ என்றல்லவா வரவேண்டும்? சோலார் விளக்குப் பூட்டும் படிப்பு என்று நினைப்பார்கள்.

முல்லைத்தீவிலிருந்து:
‘தகவல்’ என்பதையே முதலில் பார்ப்போம். தகு, தகவு, தகவல் என்று வந்ததாகவே நான் கொள்கிறேன். ‘தக்கார் தகவிலர்’ குறளை நினையுங்கள். தகுந்ததைத் தகுந்தவருக்குக் கொடுப்பது என்ற பொருள் உள்ளே இருக்கும்போது ‘தகவியல்’ போதாதா?

வவுனியாவிலிருந்து:
அண்ணை, அந்த வேரைப் பிள்ளைக்கு விளக்கவே ஒரு பாடவேளை போய்விடும். மிதிவெடிப் பலகையை எடுங்கள். சிவப்பில் மண்டையோடு, கீழே எழுத்து. மீளக்குடியேறிய காலத்தில் வாசிக்கத் தெரியாத பிள்ளையும் அதைக் கண்டு நின்றது. இந்தத் துறையின் பெயரும் அப்படிக் கண்டதும் பிடிபட வேண்டாமா? ‘தகவல் ஒழுங்கமைப்பு’ என்றாலாவது அழகு வேலை என்ற எண்ணம் போகும்.

கிளிநொச்சியிலிருந்து:
ஒழுங்கு மட்டும் போதாது, அக்கா. ஹாரி பெக் 1931இல் வரைந்து 1933இல் அச்சான லண்டன் சுரங்க ரயில் வரைபடத்தைப் பாருங்கள். நிலையங்களின் வரிசை அவர் செய்ததல்ல. உண்மைத் தூரத்தை விட்டுவிட்டு, கோடுகளைக் கிடையாகவும் நிலைக்குத்தாகவும் 45 பாகைச் சரிவிலும் போட்டார். எங்கே மாறி ஏறுவது என்பது அதனால்தான் சட்டென்று தெரிந்தது. அவர் மாற்றியது வடிவத்தை. ‘வடிவம்’ என்ற சொல்லைக் கைவிட எனக்கு மனமில்லை.

முல்லைத்தீவிலிருந்து:
சரி, வடிவமைப்பே இருக்கட்டும். ‘தகவியல்’ என் கட்சியாகவே இருக்கட்டும்.

வவுனியாவிலிருந்து:
எனக்கும் சம்மதம். ஆனால் முதல் பக்கத்தில் அந்தப் பம்பிப் பெட்டியின் படத்தைப் போடுங்கள், பழைய மூடியும் திருத்திய மூடியும் பக்கத்தில் பக்கத்தில்.

கிளிநொச்சியிலிருந்து:
போடுகிறேன். அட்டையில் ‘தகவல் வடிவமைப்பு’. முதல் பாடத்தின் தலைப்பு, ஐயா சொன்ன ‘விளங்க வைத்தல்’.

மன்னாரிலிருந்து:
பாடத் தலைப்புக்கு நன்றி, தம்பி. அட்டையில் உள்ளதை நான் இன்னும் ஏற்கவில்லை. ‘வைப்பு’ வங்கிக்கு மட்டும் உரிய சொல்லல்ல; செய்யுள் வழக்குகளோடு அடுத்த மடலில் எழுதுகிறேன்.