கவாஷிமாவின் கரியரை வெற்றி என்று சொல்லலாமா?

மூன்றாம்_கீப்பர்:
ஸயன் சுசுகி பார்மாவுக்குப் போய் இத்தாலியின் முதல் நிலை லீகான சீரி ஆவில் ஆடுவதைப் பார்த்த பிறகு ஜப்பான் கோல்கீப்பர்கள் பற்றிக் கொஞ்சம் துழாவினேன். அவருக்கு முன்னால் ஐரோப்பாவில் நீண்ட காலம் நின்றவர் என்று பார்த்தால் எய்ஜி கவாஷிமாதான். ஆனால் அவர் கிளப் கதையைப் பார்த்தால் பாதி பெஞ்ச், பாதி தரமிறக்கம் (கிளப் கீழ் லீகுக்குத் தள்ளப்படுவது). அப்படிப்பட்டவர் எப்படி நான்கு உலகக் கோப்பை டீமில் (2010 முதல் 2022 வரை) இருந்தார், அதிலும் மூன்றில் முதல் கீப்பராக? உண்மையிலேயே நல்ல கீப்பரா, இல்லை வேறு ஆள் இல்லாததாலா?

வலைக்குள்_நிற்பவன்:
வேறு ஆள் இல்லாத காலமா அது? ஜப்பானின் நகோயா கிளப்பில் அவருக்கு முன்னால் நின்றவர் நராசாக்கி, 2010-ல் ஜே லீக்கின் சிறந்த வீரர் விருதையே வாங்கிய கீப்பர். அவரைத் தாண்டி ஆட முடியாது என்று தெரிந்துதான் 2007-ல் கவாசாக்கி ஃப்ரோன்டாலே கிளப்புக்குப் போனார். தேசிய டீமிலும் அதே நராசாக்கிதான் முதல் கீப்பர், கூடவே கவாகுச்சி வேறு. 2010 உலகக் கோப்பைக்குச் சில நாள் முன்பு ஆஸ்திரியாவின் கிராட்ஸில் இங்கிலாந்துடன் நட்பு ஆட்டம், அதில் கவாஷிமாவை இறக்கினார்கள், லாம்பார்டின் பெனால்டியைத் தடுத்தார். ஜப்பானே தன் வலைக்குள் இரண்டு ஓன் கோல் போட்டு 2-1 என்று தோற்றது, அது வேறு விஷயம். ஆனால் தென்னாப்பிரிக்காவில் முதல் ஆட்டத்திலிருந்து கம்பத்துக்கு நடுவில் அவர்தான். அடுத்த வருஷம் ஆசியக் கோப்பை அரையிறுதியில் தென் கொரியாவுடன் பெனால்டி ஷூட்அவுட், கொரியாவுக்கு ஒன்றுகூட உள்ளே போகவில்லை.

செனகல்2018:
எல்லாம் சரி, 2018 உலகக் கோப்பையின் செனகல் ஆட்டத்தை யாரும் சொல்ல மாட்டீர்களா? நேராகக் கைக்கு வந்த பந்து. பிடித்திருக்கலாம், இல்லை ஓரமாகத் தள்ளியிருக்கலாம். இவர் குத்தி விட்டது எதிரே நின்ற மானே மேல் பட்டு வலைக்குள் போனது. அதற்கு முந்தைய ஆட்டத்தில் கொலம்பியாவின் கின்டேரோ சுவருக்கு அடியில் உருட்டிய ஃப்ரீ கிக், கோட்டைத் தாண்டிய பிறகு பிடித்துவிட்டு கோல் இல்லை என்று நடுவரிடம் வாதம் வேறு. அப்புறம் கிளப்: ஸ்காட்லாந்தில் டண்டீ யுனைடெட் கீழ் லீகுக்கு இறங்கியது, பிரான்சில் மெட்ஸ் இறங்கியது, ஊருக்குத் திரும்பி ஜூபிலோ இவாட்டா போனார், 2024-ல் அதுவும் இறங்கியது. ராசி என்று ஒன்று இருக்கிறது சார் :)

வலைக்குள்_நிற்பவன்:
அதே உலகக் கோப்பையில் அடுத்த ஆட்டம் போலந்துடன். கேப்டன் பட்டை இவர் கையில். குரோசிட்ஸ்கி தலையால் அடித்த பந்து கோட்டைத் தாண்டப் போன நேரத்தில் பாய்ந்து ஒரு கையால் வெளியே எடுத்தார். ஜப்பான் 0-1 என்று தோற்றும், புள்ளியும் கோலும் சமமாக இருந்ததால் செனகலைவிட மஞ்சள் அட்டை குறைவு என்ற கணக்கில்தான் மேலே போனது. இன்னொரு கோல் வாங்கியிருந்தால் அந்தக் கணக்கே வந்திருக்காது, நேராக வீட்டுக்குத்தான்.

ஸ்ட்ராஸ்பூர்க்_ரசிகன்:
பெஞ்சில் இருந்ததை வைத்துக் கீப்பரை நடுகள ஆட்டக்காரரோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பாகத்தான் வரும். கககாவா மாதிரி ஆளுக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்துப் பார்க்கலாம், கீப்பருக்கு இடம் ஒன்றே ஒன்று. அதோடு பல லீகுகளில் வெளிநாட்டவருக்கு இருக்கும் கொஞ்ச இடத்தில் ஒன்றைக் கீப்பருக்குக் கொடுக்க எந்த கிளப்பும் யோசிக்கும். டிஃபென்டர்களைச் சத்தம் போட்டு நிறுத்த அவர்கள் மொழியும் வேண்டும், இவர் பல மொழிகளை உட்கார்ந்து படித்த ஆள். மெட்ஸில் மூன்றாம் கீப்பராகச் சேர்ந்து முதல் கீப்பர் ஆனார். ஸ்ட்ராஸ்பூர்க்கிலும் மூன்றாம் ஆள்தான், 2020-ல் முதல் கீப்பர் மாட்ஸ் செல்ஸுக்குக் குதிகால் தசைநாண் அறுந்தபோது 37 வயதில் இறங்கி அந்த சீசனில் பெரும்பகுதி பிரான்சின் முதல் நிலை லீகான லீக் 1-ல் ஆடினார்.

இன்னொன்று. பெல்ஜியத்தில் லியர்ஸுக்கு ஆடும்போது 2011-ல் எதிர் டீம் ரசிகர்கள் "கவாஷிமா, ஃபுகுஷிமா" என்று (அந்த வருஷம் அணு உலை விபத்து நடந்த இடத்தை வைத்து) கத்தி ஆட்டமே நின்றது. அடுத்த வருஷம் பிரான்ஸை ஜப்பான் 1-0 என்று வென்றதும், பிரெஞ்சு டிவியில் இவருக்கு நான்கு கை ஒட்டிய படம் போட்டு அணு உலை விபத்தை வைத்து ஜோக் அடித்தார்கள். அதே பிரான்சில்தான் பின்னால் ஏழு சீசன் இருந்தார்.

மூன்றாம்_கீப்பர்:
நான்கு கை விஷயம் எனக்குத் தெரியாது, கேவலம். சரி, நல்ல கீப்பர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் செனகல்2018 சொன்ன தரமிறக்கப் பட்டியலுக்கு யாரும் பதில் சொல்லவில்லையே?

வலைக்குள்_நிற்பவன்:
தடுமாறுகிற டீம்தான் 41 வயது கீப்பரைத் தேடிப் பிடித்து முதல் ஆளாக நிறுத்தும். முதலிடத்தில் இருக்கும் டீம் எதற்கு அவரைக் கூப்பிடப் போகிறது?