ரெட் ராக்ஸில் வயதான கன்ட்ரி பாடகர்கள்: போகலாமா, விட்டுவிடலாமா?

புதுக்காது:
டென்வருக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கூட வேலை பார்க்கிறவர் ஊருக்குப் பக்கத்து மலையில் இருக்கிற ரெட் ராக்ஸ் திறந்தவெளி அரங்கில் நடக்கும் ஒரு கோடைக் கச்சேரிக்கு டிக்கெட் எடுத்துக் கையில் திணித்துவிட்டார். பாடப்போகிறவர்கள் எல்லாம் எழுபது, எண்பது தாண்டிய கன்ட்ரி (அமெரிக்க கிராமத்துப் பாட்டு வகை) ஆட்கள், சொந்தமாக எழுதிப் பாடுகிறவர்களாம். எனக்கு கன்ட்ரி என்றால் தொப்பி, லாரி, பீர், அவ்வளவுதான். யூடியூபில் இரண்டு வீடியோ பார்த்தேன். உள்ளதைச் சொன்னால் ஒருவருக்குக் குரலே எழும்பவில்லை, பாதி வரியைப் பேசியே ஒப்பேற்றுகிறார். இதற்காக மலையேற வேண்டுமா?

பழையகேசட்:
போங்க. நமக்கு எழுதுகிறவர் ஒருவர், மெட்டுப் போடுகிறவர் ஒருவர், பாடுகிறவர் இன்னொருவர் என்றே பழகிவிட்டது, அதனால் குரலைத்தான் முதலில் எடை போடுகிறோம். நீங்கள் பார்த்தது வில்லி நெல்சனாக இருந்தால், அவர் இளவயதிலேயே அப்படித்தான்: தாளத்துக்கு ஒரு அடி பின்னால் தங்குவார், சட்டென்று முந்துவார், கடைசியில் சரியாக வந்து சேர்ந்துவிடுவார். 1933-இல் பிறந்தவர், பாட்ஸி க்ளைன் 1961-இல் பாடிய 'கிரேஸி' இவர் எழுதியது. ஆக அந்தப் "பேச்சில்" பாதி பாணி, பாதிதான் வயது.

ஜான் பிரைனையும் கேட்டுப் பாருங்கள். சிகாகோ பக்கம் தபால்காரராக இருந்தபோதே பாட்டெழுத ஆரம்பித்தவர். 1998-இல் கழுத்தில் புற்றுநோய் அறுவை சிகிச்சை நடந்து, குரல் இறங்கிக் கரகரத்துப் போனது. மனுஷன் விடவில்லை, சுருதியைக் குறைத்துக்கொண்டு மறுபடி மேடையேறினார். 2020-இல் கோவிட் கொண்டுபோய்விட்டது. எனக்கு அந்தக் கரகரத்த குரல்தான் பிடிக்கும், இது என் கிறுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நேர்ப்பேச்சு:
எல்லாரும் உருகாதீர்கள். போன கோடையில் இப்படி ஒரு கச்சேரிக்குப் போனேன், பெயர் வேண்டாம், பெரிய ஆள்தான், இரண்டாவது பாட்டிலேயே வரி மறந்து கிட்டாரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. பாட்டுக்கா தட்டினார்கள், வயதுக்கா? டிக்கெட் சும்மா கிடைத்தால் போகலாம், காசு கொடுத்துப் போக எனக்கு மனசில்லை.

கம்பிக்கிறுக்கன்:
வில்லி வந்தால் அவர் கிட்டாரைப் பாருங்கள். பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள். மார்ட்டின் கம்பெனியின் என்-20 மாடல், 1969-இலிருந்து அதுதான், பெயர் ட்ரிக்கர். நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டார், விரலால் மீட்டுவதற்குச் செய்தது, அதனால் பலகையைக் காக்கும் தகடு அதில் கிடையாது. இவர் பிக் (கம்பியை மீட்டும் சின்னத் துண்டு) வைத்தே அடித்து அடித்து, ஒலித்துளைக்குப் பக்கத்தில் மரம் தேய்ந்து இன்னொரு பெரிய ஓட்டை விழுந்துவிட்டது. அப்படியே வைத்துத்தான் வாசிக்கிறார். 1970-இல் வீடு பற்றி எரிந்தபோது உள்ளே ஓடிப்போய்த் தூக்கி வந்தது இதைத்தான்.

மேல்வரிசை:
பாட்டை விடுங்கள், இடத்தைக் கேளுங்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 6,400 அடி உயரம், படி ஏறும்போது மூச்சு வாங்கும், தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். சாய்மானம் இல்லாத மரப் பலகைதான் இருக்கை, சின்ன குஷன் எடுத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் திடீரென்று இடி மழை வரும், குடைக்கு அனுமதி இல்லை, ரெயின்கோட்தான். பகலில் வெயில் பிளந்தாலும் இருட்டினால் ஸ்வெட்டர் தேடுவீர்கள். அப்புறம், மேல் வரிசையை மட்டம் என்று நினைக்காதீர்கள், இருட்டிய பிறகு மேடைக்குப் பின்னால் டென்வர் விளக்குகள் முழுசாகத் தெரிவது அங்கிருந்துதான்.

புதுக்காது:
சரி, ரெயின்கோட் வாங்கியாகிவிட்டது. டிக்கெட் கொடுத்தவரிடம் சும்மா ட்ரிக்கர் ஓட்டை பற்றிக் கேட்டேன், மதியச் சாப்பாடு ஆறிப்போகும்வரை விடவே இல்லை.